ஆற்றுக்கால் பொங்காலை: தெருவில் அடுப்புக் கூட்டுவோருக்கு – கலம், கல், விறகு, பக்கத்து அடுப்பு

குழித்துறைக்காரி

இந்த வருசம் குழித்துறையிலிருந்து ஆறு பேர் பொங்காலை வைக்கத் திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் பகவதி அம்மை கோயிலுக்குப் போறோம். நாலு பேருக்கு இது முதல் தடவை. வீட்டு முற்றத்தில் பொங்கல் வைக்கத் தெரியும். முன்பின் தெரியாதவங்க அடுப்புக்கு நடுவுல, தார் ரோட்டுல, உச்சி வெயில்ல வைக்கிறது வேற கணக்குன்னு சொல்றாங்க. கலம் எத்தனை லிட்டர், அரிசி எவ்வளவு, விறகு எவ்வளவு சுமக்கணும், எங்கே கோளாறு வரும்? தெரிஞ்சவங்க அளவோடு சொல்லுங்க. அம்மை பாத்துக்கிடுவா, நம்ம பங்கை நாம ஒழுங்காச் செய்யணும்ல.

வேளிமலை

முதல்ல நாள். மலையாளக் கும்ப மாசம், நம்ம மாசி. காப்புக் கட்டித் திருவிழா தொடங்கும். ஒன்பதாம் நாள், பூரம் நட்சத்திரமும் பௌர்ணமியும் கூடுற அன்னைக்குப் பொங்காலை. பத்தாம் நாள் ராத்திரி குருதி தர்ப்பணத்தோட முடியும். விரதம் காப்புக் கட்டு முதல் ஒன்பது நாளும் இருக்கிறவங்க உண்டு. முடியாதவங்க முந்தின நாள் ஒருவேளைச் சாப்பாட்டோட நிறுத்திக்கிடுவாங்க. புலை, வாலாய்மை (சாவு, பிறப்புத் தீட்டு) இருக்கிற வீட்டுக்காரங்க அந்த வருசம் வைக்கிறதில்ல.

அடுத்து கலம், இதுல அவசரமே கூடாது. கிழக்கேகோட்டையிலும் மணக்காட்டிலும் முந்தின நாள் மலை மாதிரி குவிச்சு விப்பாங்க. ஆனா அன்னைக்கு வாங்கி மறுநாள் அடுப்புல ஏத்துறதுதான் பாதி விரிசலுக்குக் காரணம். ஒரு வாரம் முன்னாடி நம்ம ஊர்ச் சந்தையிலேயே வாங்கிருங்க. விரல் மடக்கித் தட்டினா 'ணங்'னு கேக்கணும். 'டொக்'னு அடைச்ச சத்தம் வந்தா உள்ளே முடி அளவு விரிசல் இருக்கு, வேண்டாம். தண்ணி ஊத்திக் கால் மணி நேரம் வச்சுப் பாருங்க. வெளிப்பக்கம் லேசா ஈரம் பூத்தாப் பரவாயில்ல, ஒரே கோடா ஈரம் தெரிஞ்சா அது விரிசல்.

பழக்குற முறை: ஒரு ராத்திரி முழுக்க வாளித் தண்ணிக்குள்ள மூழ்க வைக்கணும். மறுநாள் நிழல்ல உலர்த்தி, முக்கால் அளவு அரிசி களைஞ்ச தண்ணி ஊத்தி, சின்னத் தீயில அரைமணி நேரம் கொதிக்க விட்டு, இறக்காம அப்படியே ஆற விடுங்க. கஞ்சிப் பசை மண்ணோட கண்ணெல்லாம் அடைச்சிரும். நேரம் இருந்தா ரெண்டு தடவை செய்யலாம். அம்மைக்கு வைக்கிற கலத்துல முன்னாடி எதுவும் பொங்கக் கூடாதுன்னு நினைக்கிறவங்க வெறும் தண்ணி ஊத்திக் கொதிக்க விடுங்க. பலன் குறைவு, ஆனா ஒண்ணுமே செய்யாததுக்கு இது எவ்வளவோ மேல்.

ஒரு ஆளுக்கு 3 லிட்டர் கலம் போதும். ஆறு பேருக்கு ஆறு கலம், கூட ரெண்டு மிச்சக் கலம். மிச்சக் கலம் உங்களுக்கு உதவலைன்னாலும் பக்கத்துல யாருக்காவது உதவும்.

சூளை_மார்த்தாண்டம்

கல்லு விசயம் நான் சொல்றேன். செங்கல் இங்கேருந்து சுமக்காதீங்க, அங்கேயே கிடைக்கும். ஒரு அடுப்புக்கு மூணு: இடம், வலம், பின்பக்கம். முன்பக்கம் தீவாய்.

கல்லை எப்படி வைக்கிறோம்ங்கிறதுதான் முக்கியம். படுக்கப் போட்டா மூணு அங்குலந்தான் உயரம். கலத்தோட அடி உள்ளே இறங்கினதும் தீ எரிய இடமே இருக்காது, புகைதான் மிஞ்சும். குத்தி நிறுத்தினா ஒன்பது அங்குலம் உயரும், ஆனா யாரோட முந்தானை பட்டாலும் சாயும். நீள விளிம்புல, பக்கவாட்டா நிறுத்துங்க. நாலரை அங்குலம் கிடைக்கும், அதுதான் அளவு. பின்கல்லை மத்த ரெண்டோட ஒட்டாம ரெண்டு விரல் விட்டு வையுங்க. அந்த இடைவெளி வழியாத்தான் புகை போகும், தீ இழுக்கும். மூணு பக்கமும் அடைச்சு வச்சுட்டு "விறகு ஈரம்"னு விறகைக் குறை சொல்றது வழக்கமாப் போச்சு.

வரிசையா வச்சா நடுக்கல்லை ரெண்டு அடுப்பும் பங்கு போட்டுக்கலாம். ரெண்டு அடுப்புக்கு அஞ்சு கல், மூணுக்கு ஏழு. ஆனா இது 2 லிட்டர் வரைக்கும் உள்ள சின்னக் கலத்துக்குத்தான் சரிவரும். 3 லிட்டர்னா கலத்தோட வயிறு ரெண்டும் முட்டும். சூட்டுல ஒண்ணையொண்ணு நெரிச்சு விரிஞ்சிரும். உங்க அளவுக்குத் தனித்தனியா மூணு மூணு கல்லே வாங்குங்க, ஆறு அடுப்புக்குப் பதினெட்டு. அடுப்புக்கு அடுப்பு ஒரு முழமாவது விடணும்.

தார் ரோட்டுல நேரா கல் வைக்காதீங்க. வெயிலும் தீயும் சேர்ந்து தார் இளகினா ஒரு கல் மட்டும் அமுங்கும், கலம் ஒருபக்கமாச் சாயும். ஒரு சின்னச் சாக்குல ஆத்து மணல் கொண்டு போய், ஓரங்குலக் கனத்துக்கு விரிச்சு, தண்ணி தெளிச்சு அமுக்கி, அதுமேல கல்லை நிறுத்துங்க. கல் மட்டம் சரியான்னு பாக்க, கலத்துல பாதித் தண்ணி ஊத்தி வையுங்க. தண்ணியோட விளிம்பு எந்தப் பக்கம் ஏறியிருக்கோ அந்தப் பக்கம் தாழ்வு. நடைபாதையில பதிச்ச ஓட்டுக்கல் மேல அடுப்பு கூட்ட வேண்டாம்னு மாநகராட்சி ஒவ்வொரு வருசமும் கேட்டுக்கிடுது. அது சரியான பேச்சு. உள்ளே ஈரம் இருக்கிற ஓட்டுக்கல் சூட்டுல வெடிச்சுத் தெறிக்கும்.

முடிஞ்சதும் கல்லை உடைக்காம ஓரமா அடுக்கி வச்சிட்டு வாங்க. மாநகராட்சி பொறுக்கிக் கொண்டு போய் ஏழை வீடு கட்டக் கொடுக்கும். சூட்டோட சூடாத் தண்ணி ஊத்தினாக் கல் பிளந்துரும். தீயை மட்டும் மணல் போட்டு அணைச்சுட்டுக் கல்லைத் தானா ஆற விடுங்க.

தோவாளைப்_பூ

விறகு எவ்வளவுன்னு யாரும் சொல்லலியே?

வேளிமலை

ஒரு கலத்துக்கு: கொதும்பு (காஞ்ச தென்னம்பாளை) எட்டு முதல் பத்து, சிரட்டை பதினஞ்சு, தென்னோலைச் சூட்டு (ஓலையை முறுக்கிக் கட்டின பந்தம்) ரெண்டு. தெரளியும் (இலையில சுருட்டி ஆவியில வைக்கிற அரிசிமாவு அப்பம்) அதே அடுப்புல வேகணும்னா இதைப்போல ஒண்ணரை மடங்கு.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. சூட்டு பத்த வைக்க மட்டும், சட்டுனு எரிஞ்சு அணையும். கொதும்பு நீண்ட தழலா எரியும், பொங்கி வர வைக்கிறது இதுதான். சிரட்டை புகையில்லாத கனல், பொங்கினதுக்கப்புறம் நின்னு வேக வைக்க. மூணையும் ஒண்ணாத் திணிச்சா முதல்ல கரிபிடிச்சு, அப்புறம் தீ இல்லாமப் போயிரும். கொதும்பை முழங்கை நீளத்துக்கு வெட்டி, ஒரு வாரம் வெயில்ல காய வச்சு, நனையாத சாக்குல கட்டுங்க. ராத்திரிப் பனியில திறந்து வச்சா காலையில நமத்துக் கிடக்கும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், வாடை பாயசத்துல ஏறும். கற்பூரம் ஒரு வில்லை போதும்.

வாயால ஊதுறது அங்கே வழக்கமில்ல. எச்சில் படும்ங்கிற எண்ணம். பனையோலை விசிறி ரெண்டு எடுத்துக்கிடுங்க.

மணக்காடு_தெற்கு

இவ்வளவும் சாமான். ஆளுங்களைப் பத்தியும் சொல்லணும். கின்னஸ் பதிவுல 1997-ல் 15 லட்சம் பெண்கள், 2009-ல் 25 லட்சம்னு இருக்கு. கோயில் முற்றத்துல இடம் கிடைக்கிறது சிலருக்குத்தான். மத்தவங்க எல்லாரும் ரோட்டோரத்துல, கடைத் திண்ணையில, யாரோ ஒருத்தர் வீட்டு வாசல்ல. உங்க இடப்பக்கம் கொல்லத்துக்காரங்க, வலப்பக்கம் செங்கோட்டைக்காரங்க, பின்னாடி பாலக்காட்டுக்காரங்கன்னு அமையும். ஆறு மணி நேரம் அவங்கதான் உங்க வீட்டார்.

வந்த உடனே கல்லைப் போடாதீங்க. "சேச்சி, இவிடே ஆளுண்டோ?"ன்னு முதல்ல கேளுங்க. முந்தின நாளே கல் வச்சு இடம் பிடிச்சிட்டுப் போறவங்க நிறைய. ரெண்டு கல் ஆள் இல்லாமக் கிடந்தா அதை நகத்தி வைக்காதீங்க, அதுக்குச் சொந்தக்காரி தண்ணி எடுக்கப் போயிருப்பா. ஆறு பேருக்கு வேண்டிய இடத்துக்கு மேல ஒரு சாணும் வளைக்காதீங்க. நடுவுல ஒரு கயிற்றுக்கட்டில் அகலத்துக்கு நடைபாதை விடணும். தீயணைப்பு வண்டிக்காரங்களும் தண்ணிக்காரங்களும் அது வழியாத்தான் வரணும். எல்லாரும் கிழக்கு பாத்துப் பொங்க வைக்கிறதால வரிசை தானா ஒழுங்காகும். குறுக்கே திருப்பி வச்சா உங்க புகை அடுத்தவங்க கண்ணுல.

காத்து: காலையில ஓய்ஞ்சு கிடக்கும். வெயில் ஏறினதும் மேற்கேருந்து கடல்காத்து வரும். அதனால தீவாயை நேரா மேற்கு பாத்து வைக்காதீங்க, தீ சீறிக் கலத்துக்கு வெளியே நாக்கு நீட்டும். சற்று வடமேற்கோ தென்மேற்கோ சாய்ச்சு வச்சா அதே காத்து நமக்குத் துருத்தி.

வீட்டுக்காரங்க குளியலறை திறந்து விடுவாங்க, தண்ணிக் குழாய் தருவாங்க. கோயில்காரங்க மட்டுமில்ல, பள்ளிவாசல், தேவாலய வளாகத்துக்காரங்களும் அன்னைக்கு வாசலைத் திறந்து வைக்கிறது அங்கே உண்டு. வாசலைக் கூட்டிக் கொடுத்துட்டு வாங்க. பாயசம் இறக்கினதும் முதல் கிண்ணம் அந்த வீட்டுக்கு.

குழித்துறைக்காரி

தீ எப்படி வரும்? தீப்பெட்டி உரசலாமா?

மணக்காடு_தெற்கு

உரசக் கூடாது. இதைக் கொஞ்சம் நின்னு சொல்றேன், மத்தது எல்லாம் இதுக்காகத்தான்.

காலை பத்து மணி வாக்கில் கோயில்ல தோற்றம்பாட்டுக்காரங்க, ஆற்றுக்கால் அம்மையாக் கும்பிடுற கண்ணகியோட சரிதத்துல பாண்டிய மன்னனை வதைக்கிற கட்டத்தைப் பாடுவாங்க. பாடி முடிஞ்சதும் தந்திரி ஸ்ரீகோயில் (கருவறை) விளக்கிலேருந்து தீபம் எடுத்து மேல்சாந்தி (தலைமைப் பூசாரி) கையில கொடுப்பார். மேல்சாந்தி திடப்பள்ளி (கோயில் மடப்பள்ளி) அடுப்பைப் பத்த வச்சு, அந்தத் தீயைச் சகமேல்சாந்தி கையில கொடுப்பார்; அவர் முன்னாடி இருக்கிற பண்டார அடுப்பை, அதாவது கோயிலோட பொங்காலை அடுப்பை, பத்த வைப்பார். செண்டை முழங்கும், கதினா வெடிக்கும், குரவை எழும்பும். அந்தத் தீதான் அடுப்பு அடுப்பா வெளியே நடக்குது.

ரொம்பத் தூரத்துல இருக்கிற தெருக்களுக்கு அது வந்து சேராது. ஒலிபெருக்கி அறிவிப்பும் வெடிச் சத்தமும் கேட்டதும் அங்கே ஒருத்தர் குத்துவிளக்கிலேருந்து ஏத்துவாங்க, அதிலேருந்து மத்தவங்க. எப்படியானாலும் பக்கத்து அடுப்பிலேருந்து வாங்கி அடுத்த அடுப்புக்குக் கொடுக்கணும்.

கையில சூட்டு ஒண்ணு, ஒரு முழ நீளம், முறுக்கிக் கட்டினது. "சேச்சி, இத்திரி தீ தருமோ?"ன்னு கேட்டு, உங்க சூட்டோட நுனியை அவங்க தீவாயில வச்சுக் காத்திருங்க. அவங்க எரியிற கொள்ளியை உருவாதீங்க. உருவினா உள்ளே கனல் சரியும், கல் அசைஞ்சா கலமே போகும். பிடிச்சதும் நுனியை மேலே தூக்கிக் கொண்டு வாங்க. கீழே சாய்ச்சா தழல் கைப்பக்கம் ஏறும். முந்தானையை இடுப்புல இறுக்கிச் செருகியிருக்கணும். உங்க அடுப்புல வச்சதும், அதே சூட்டை உங்களுக்கு அடுத்தவங்க நீட்டுற ஓலையில தொட்டுக் கொடுத்துட்டு, மிச்சத்தை மணல்ல குத்தி அணையுங்க. அவங்க எந்த ஊரு, என்ன ஆளுன்னு கேட்கிறதில்ல. தீயை மறுக்கிறதும் இல்ல.

அதுக்கு முன்னாடியே கணபதிக்கு வச்சிரணும்: தலைவாழை நுனி இலை, விளக்கு, அவல், பொரி, பழம், தேங்காய், வெல்லம், ஒரு கிண்டித் தண்ணி. தீ வந்த பிறகு இதுக்கு நேரம் இருக்காது.

கல்குளம்_தமிழாசிரியை

மேலே சொன்ன பாட்டைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். சிலப்பதிகாரத்தில் கண்ணகி நீதி கேட்டதும் பாண்டியன் தானே உயிர் விடுகிறான். அங்கே பாடப்படும் தோற்றம்பாட்டில் அவளே அவனை வதைக்கிறாள். நம் வாசிப்போடு போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு முதலில் இடறும். ஆனால் அடுப்பு பற்றும் அந்த நொடிக்கு அந்தப் பாட்டுதான் காரணம். மதுரையை எரித்த தீ, அவள் சினம் தணிந்து வரும் வழியில் பெண்கள் வைத்த பொங்கலாக மாறுகிறது என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். அங்கிருந்து அவள் கொடுங்கல்லூருக்குப் போகிறாள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு இரண்டு வடிவமும் சொந்தம். தெரிந்துகொண்டு போனால், பாட்டு கேட்கும் நேரம் வெறும் காத்திருப்பாக இராது.

அடுக்களை_தக்கலை

சமையல் கணக்கு. 3 லிட்டர் கலத்துக்கு:

பச்சரிசி கால் கிலோ (சிவப்புப் பச்சரிசியானா ருசி கூடும், வேக கால்மணி நேரம் கூட ஆகும்)
தண்ணி 2 லிட்டர்
வெல்லம் 400 கிராம்
தேங்காய் ஒண்ணு, துருவினது
நெய் 50 கிராம், ஏலக்காய் ஆறு, பாளையங்கோடன் பழம் ரெண்டு

அரிசியும் தண்ணியும் சேர்ந்து கலத்துல முக்காலளவு நிக்கணும். குறைஞ்சா பொங்காது, நிறைஞ்சா கொதிக்கும் முன்னாடியே வழிஞ்சு தீயை அணைக்கும். அரிசியை ரெண்டு தடவைக்கு மேல களையாதீங்க. நுரை கட்டிப் பொங்குறதே அந்த மாவுப் பசையாலதான். அலசி அலசிக் கண்ணாடி மாதிரி ஆக்கிட்டு, பொங்கலியேன்னு கண்கலங்குறவங்க உண்டு. அதுல அபசகுனம் ஒண்ணும் இல்ல, பசை போயிருச்சு, அவ்வளவுதான். அப்படி ஆனா களைஞ்ச தண்ணி ரெண்டு கரண்டி சேர்த்துத் தீயைக் கூட்டுங்க, பொங்கும்.

முதல்ல தண்ணி மட்டும் ஊத்தி, சின்னத் தீ பத்து நிமிசம். கலம் சூடு பிடிச்ச பிறகு அரிசி, அப்புறம் கொதும்புத் தீ. பொங்கி வழியறப்போ மூடியைத் தொடாதீங்க, மூடியே வேண்டாம். கிழக்குப் பக்கம் முதல்ல வழியணும்னு பலரும் ஆசைப்படுவாங்க. அதுக்காகக் கலத்தைச் சாய்க்கிறது ஆபத்து. அந்தப் பக்கம் கொதும்பை ஒண்ணு கூட வச்சாலே போதும், சூடு எங்கே கூடுதோ அங்கே நுரை ஏறும்.

வழிஞ்சதும் கொதும்பை வெளியே இழுத்து, சிரட்டைக் கனல்ல இருபது நிமிசம். அரிசியை விரல்ல நசுக்கிப் பாருங்க, நடுவுல வெள்ளைப் பொட்டு இருக்கக் கூடாது. அதுக்கப்புறந்தான் வெல்லம். முன்னாடியே போட்டா அரிசி விறைச்சுக்கிடும், எவ்வளவு எரிச்சாலும் வேகாது. வெல்லத்தை வீட்டிலேயே அரை டம்ளர் தண்ணியில காய்ச்சி வடிகட்டிப் புட்டியில கொண்டு போங்க. மண் இருக்கும், அங்கே வடிகட்ட முடியாது. வெல்லம் விழுந்ததும் பாயசம் தண்ணியா இளகும். பயந்து அரிசி சேர்க்காதீங்க, பத்து நிமிசத்துல இறுகும். அந்தப் பத்து நிமிசமும் நீளக் காம்பு அகப்பையால அடியைத் தொட்டுக் கிண்டணும், மண்கலம் சூட்டை விடாது, அடிபிடிக்கிறது இங்கேதான். தேங்காயும் ஏலமும் நெய்யும் கடைசி. இறக்கும்போது கொஞ்சம் இளக்கமாவே இருக்கட்டும், ஆறினாக் கட்டியாகும்.

நிவேத்தியம் ஆகும் வரை ருசி பாக்கக் கூடாது. அதனாலதான் அளவு வீட்டிலேயே எடைபோட்டுப் பொட்டலம் கட்டணும்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

தோவாளைப்_பூ

அலுமினியப் பாத்திரத்துல வச்சா விரிசல் பயமே இல்லியே. நிறையப் பேரு அதுலதான் வைக்கிறாங்க.

வேளிமலை

வைக்கலாம், தடையில்ல. முட்டுவலிக்காரங்களும் பிள்ளையோட வர்றவங்களும் அலுமினியமோ வெண்கல உருளியோ வச்சா யாரும் குறை சொல்லப் போறதில்ல. ஆனா மெல்லிசுப் பாத்திரத்துல கொதும்புத் தீ நேரா அடியைச் சுடும், வெல்லம் போட்ட மூணாவது நிமிசம் கரியும். மண்கலம் மெதுவாச் சூடாகி மெதுவா ஆறும், சோறு ஒரே பதமா வேகும். முதல் கலம் மண்ணா இருக்கட்டும், தெரளிக்கு அலுமினியம் போதும் என்பது என் கட்சி.

அடுக்களை_தக்கலை

இதுல வேளிமலை அக்கா சொல்றதுதான் எனக்கும் சரி. தெரளிக்கு மண்கலம் எடுத்தா தண்ணி தீர்றது தெரியாம அடி வெடிக்கும்.

தெரளியப்பம்: வறுத்த அரிசிமாவு அரை கிலோ, வெல்லத்தூள் 350 கிராம், தேங்காய்த் துருவல் ஒண்ணரை கப், கனிஞ்ச பழம் நாலு, சீரகம், ஏலம். முதல்ல பழத்தையும் வெல்லத்தையும் பிசைஞ்சு அதுக்குள்ள மாவைச் சேருங்க. தண்ணி கடைசியில, தேவைப்பட்டாத் தெளிக்க மட்டும். பழத்தோட ஈரத்துலயே மாவு இளகும். முதல்ல தண்ணி விட்டுட்டா இலை வழியா ஒழுகும். தெரளி இலையைத் துணியால துடைச்சு, கூம்பு மாதிரி சுருட்டி, முக்கால் நிரப்பி, மேல் பாகத்தை மடக்கி ஈர்க்கு குத்துங்க. முழுக்க நிரப்பினா வெந்து உப்பும்போது பிளக்கும். ஆவியில அரைமணி நேரம். பாத்திரத்துத் தண்ணிக்குள்ள ஒரு நாணயம் போட்டு வையுங்க. கடகடன்னு ஆடுற வரைக்கும் தண்ணி இருக்கு, சத்தம் ஓய்ஞ்சா ஊத்தணும்.

இலை பழுத்துக் காஞ்சதா வேண்டாம், முறியும். பச்சை இலைதான் அந்த மணத்தைக் கொடுக்கும்.

மண்டப்புற்று தலைநோவு தீர வேண்டிக்கிட்டவங்க வைக்கிறது. சிறுபயறு கால் கிலோ வாசம் வர வறுத்துப் பொடிச்சு, அரிசிமாவு ஒரு கைப்பிடி, வெல்லம் 200 கிராம், தேங்காய், நெய் சேர்த்து உருண்டை பிடிச்சு ஆவியில இருபது நிமிசம். பயறு அரைகுறையா வறுபட்டா பச்சை வாடை போகாது. உருண்டை உதிர்ந்தா நெய் போதலை. வெள்ளைச்சோறு வைக்கிறவங்களுக்குத் தனிக் கலம் வேணும், அதுல பெருசாச் சொல்ல ஒண்ணும் இல்ல.

பணி_ஓய்வு_செவிலி

தயவுசெஞ்சு பருத்திப் புடவை. செயற்கை நூல் துணி தீப்பட்டா எரியிறதோட இல்லாம உருகித் தோல்ல ஒட்டும். தோள்ல தொங்குற துப்பட்டா வேண்டாம். காலுக்குத் தேய்ஞ்ச ரப்பர் செருப்பு ஆகாது, தார்ச் சூட்டுல வழுக்கும். அடுப்புப் பக்கம் செருப்பு கழற்றுறவங்க நனைச்ச சாக்கு ஒண்ணை விரிச்சு அதுல நில்லுங்க.

தீப்புண் பட்டா ஓடுற தண்ணியில இருபது நிமிசம். பேஸ்ட், மாவு, நெய் எதுவும் தடவாதீங்க. சூடு உள்ளேயே அடைபடும். மோதிரம், வளையல் உடனே கழற்றணும், வீங்கினாக் கழலாது. நகை போடாமலே போறது திருட்டுக்கும் நல்லது, இதுக்கும் நல்லது.

விரதம்னு தண்ணியும் குடிக்காம இருக்காதீங்க. காலையிலேருந்து அரைமணிக்கு ஒரு டம்ளர், நடுவுல உப்பு போட்ட சம்பாரம் (நீர்மோர்). சர்க்கரை நோய் மாத்திரை, ஊசி போட்டுக்கிறவங்க முழு விரதம் பிடிச்சு அந்தப் புகையில நிக்கக் கூடாது. மருத்துவர்கிட்ட கேட்டு மாத்திரை நேரத்தை மாத்திக்கிட்டு, இளநீரோ பழமோ எடுத்தே ஆகணும். இழுப்பு உள்ளவங்க வரிசையோட மேற்கு ஓரத்துல அடுப்பு கேளுங்க, காத்து அங்கேருந்து வர்றதால புகை குறைவு. மருந்து உறிஞ்சி இடுப்புப் பையில இருக்கணும், சாமான் சாக்குல இல்ல. தலை கிறங்குதுன்னா பக்கத்துல யாரானாலும் வாய்விட்டுச் சொல்லுங்க. கூட்டத்துல வெட்கப்பட்டு உக்காந்து கிடக்கிறதுதான் பெரிய தப்பு.

குழித்துறைக்காரி

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கேள்வி. கலம் அடுப்புல இருக்கும்போதே விரிஞ்சா என்ன செய்ய? அது கெட்ட சகுனம்னு கூட வர்ற ஒரு அம்மச்சி இப்பவே பயப்படுறா. இன்னொண்ணு, பாயசத்தை வீடுவரை எப்படிக் கொண்டு வர?

வேளிமலை

அம்மச்சிகிட்ட சொல்லுங்க: லட்சக்கணக்கான கலத்துல ஆயிரக்கணக்குல விரியத்தான் செய்யும். காரணம் மூணுதான். காஞ்ச கலத்துல எடுத்த எடுப்புலயே பெருந்தீ. சூட்டுக் கலத்துல பச்சைத் தண்ணி. கல் மட்டமில்லாம ஒருபக்கம் பாரம். ஊத்துற தண்ணி எப்பவும் பக்கத்து அடுப்புலயாவது வெதுவெதுப்பாக்கினதா இருக்கட்டும்.

சொட்டு விழுற அளவு விரிசல்னா தீயைக் குறைச்சு, அரிசிமாவைக் கெட்டியாப் பிசைஞ்சு வெளியே அப்புங்க, கஞ்சிப் பசையே உள்ளேயும் அடைச்சிரும். பாதிக்கு மேல கோடு ஓடினா இழுக்காதீங்க. மிச்சக் கலத்தைக் கொதிநீர் ஊத்திச் சூடாக்கி, அதுல மாத்துங்க. கலம் இல்லைன்னா பக்கத்துக்காரங்க கலத்துலயே சேர்த்து வைக்கலாம், தாராளமா இடம் கொடுப்பாங்க. ரெண்டு பேர் அரிசி ஒரு கலத்துல வெந்தா அதுவும் பொங்காலைதான்.

குளச்சல்_கரை

மண்டைக்காட்டு அம்மன் கோயில் மாசிக் கொடைத் திருவிழாவுக்குப் பொங்கல் வச்சுப் பழகினவங்க இதுல ஒண்ணு கவனிங்க. அங்கே மணல். குழி தோண்டி, மூணு கல்லைப் பாதி புதைச்சா அசையாது, காத்தும் குழிக்குள்ள சுத்தும். மாசிக் கொடைக்குக் கேரளத்துப் பெண்கள் இருமுடி கட்டி இந்தப் பக்கம் வர்றாங்க, பொங்காலைக்கு நாம அந்தப் பக்கம் போறோம். ரெண்டும் அடுத்தடுத்து வர்றதால அதே கல்லு அளவு, அதே விறகுக் கணக்கோட போயிருவாங்க. குழியடுப்புக்குப் போற விறகைப்போல ஒண்ணேகால் மடங்கு தரையடுப்புக்கு வேணும், மூணு பக்கமும் சூடு வெளியே போகுதுல்ல. காத்து மறைக்க ஒரு தகரத் துண்டு கொண்டு போனா நல்லது.

மணக்காடு_தெற்கு

திரும்பி வர்றது. நிவேத்தியம் மத்தியானத்துக்கு மேல, ஒண்ணேகாலிலேருந்து ரெண்டரைக்குள்ள, வருசத்துக்கு வருசம் மாறும், அறிவிப்பைக் கேளுங்க. பூசாரிங்க தெருத்தெருவா வந்து தீர்த்தம் தெளிப்பாங்க. வானத்திலேருந்து பூ தூவுறதும் அப்போதான். அவங்க வர்றதுக்குள்ள தீ முழுக்க அணைஞ்சு, கலத்து வாயை வாழையிலையால மூடியிருக்கணும். தீர்த்தம் வர்றப்போ இலையைத் திறந்து காட்டுங்க.

உடனே ரயிலுக்கு ஓடாதீங்க. மூணு மணிக்குத் தம்பானூர் (திருவனந்தபுரம் சென்ட்ரல்) ரயில் நிலையத்துல நிக்கவே இடம் இருக்காது. சூட்டுக் கலத்தோட அந்த நெரிசல்ல ஏறுறது பிள்ளைகளுக்கு ஆபத்து. அஞ்சரை வரை நிழல்ல இருந்துட்டுக் கிளம்புங்க. சிறப்பு ரயிலும் கூடுதல் பேருந்தும் விடுவாங்க. களியக்காவிளை வரை பேருந்துல வந்து மாறினா குழித்துறை பக்கந்தான்.

கலத்தைப் புரிமணையில (வைக்கோல் வளையத்துல) வச்சு, அதை அகல வாளிக்குள்ள இறக்கி, சுத்திலும் வைக்கோலோ பழைய துணியோ திணியுங்க. வாயை இலை போட்டுத் துணியால கட்டணும், பிளாஸ்டிக் தாள் வேண்டாம். ஆவி வெளியேறாமப் பாயசம் புளிச்சிரும். மாநகராட்சியும் தெர்மோகோல், பிளாஸ்டிக் தட்டு டம்ளர் எதையும் விடுறதில்ல. ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் எடுத்துக்கிடுங்க.

அடுக்களை_தக்கலை

புளிக்கிறது தேங்காயாலதான். ராத்திரி வரை தாங்கணும்னா துருவலை வீட்டிலேயே நெய்யில பொன்னிறமா வறுத்துக் கொண்டு போங்க. பச்சைத் துருவல் போட்டதை அங்கேயே பங்கு வச்சுத் தீர்த்திருங்க. முதல்ல அக்கம்பக்கத்து அடுப்புக்கு ஒவ்வொரு கரண்டி. அவங்களும் தருவாங்க, அதை ஒண்ணாக் கலக்காமத் தனித் தூக்குல வாங்கிக்கிடுங்க. கொல்லத்துக்காரங்க வெல்லம் கூடப் போடுவாங்க, பாலக்காட்டுக்காரங்க நெய் கூட விடுவாங்க.

குழித்துறைக்காரி

அப்போ ஆறு சின்னத் தூக்கும் பட்டியல்ல சேர்த்தாச்சு. ஆத்து மணல் யாரு சுமக்கப் போறான்னுதான் இப்போ பேச்சு.

சூளை_மார்த்தாண்டம்

ஆறு அடுப்புக்கும் சேர்த்து ஒரு சின்னச் சிமென்ட் சாக்குல முக்கால் போதும். ரெண்டு பேர் பிடிச்சாத் தூக்கலாம்.